அலைபேசி வலையமைப்பில் அலைபரப்புத் திறனும் தரவு வேகமும்: மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அலைபேசிக் கோபுரத்தின் திறனைக் கூட்டினால் தரவு வேகம் அதே அளவில் கூடும் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். இக்கருத்து சில சூழல்களில் ஏறத்தாழச் சரியாகவும், சில சூழல்களில் முற்றிலும் பொருந்தாததாகவும் அமைகின்றது. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களை ஷானன் வாய்பாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது. சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகள் முறையே தொலைவும் தடையும், குறுக்கீடும் பகிர்வும், கைப்பேசியின் திறன் வரம்பும் என்னும் மூன்று நிலைகளுக்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. குடியிருப்புப் பகுதிகளில் கோபுரம் அமைப்பது குறித்த விவாதத்திற்கு இவ்விளக்கம் எவ்வாறு பயன்படும் என்பதும் இறுதியில் சுட்டப்படுகின்றது.

குறிச்சொற்கள்: அலைபரப்புத் திறன், தரவு வேகம், பட்டை அகலம், இரைச்சல், குறுக்கீடு, மேலிணைப்பு, சென்னை.

முன்னுரை

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் நிற்பவரின் கைப்பேசித் திரையில் சிக்னல் கோடுகள் அனைத்தும் நிறைந்திருக்கும். ஆயினும் கடைக்காரருக்குப் பணம் செலுத்தும் செயலி சுழன்றுகொண்டே இருக்கும். அதே இரவில் மயிலாப்பூர் மாட வீதியை அடுத்த ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் ஒரே ஒரு கோடு மட்டும் தெரியும். அங்கும் வேகம் குறைவாகவே இருக்கும். இவ்விரு நிலைகளுக்கும் பொதுமக்கள் கூறும் காரணம் ஒன்றே: 'டவரில் பவர் போதவில்லை.' இரண்டாவது நிலைக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும், முதலாவதற்குப் பொருந்தாது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கருத்து உண்டு. கோபுரங்களின் திறன் உடல்நலத்திற்குக் கேடு என்னும் அச்சத்தால், குடியிருப்புகளுக்கு அருகில் அவற்றை அமைப்பதை மக்கள் எதிர்ப்பதுண்டு. அதிக வேகம் வேண்டும், அருகில் கோபுரம் வேண்டா என்னும் இவ்விரு விருப்பங்களும் இயற்பியல் அடிப்படையில் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்னும் வினாவிற்கு விடை காண, திறனுக்கும் வேகத்திற்கும் உள்ள உறவை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரையில் தரப்படும் கணக்குகள் கருத்தை விளக்கும் பொருட்டு எளிமையாக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள். அவை கள அளவீடுகள் அல்ல.

கலைச்சொல் தெளிவு

தமிழில் இப்பொருள் குறித்து எழுதப்படுவனவற்றில் ஆற்றல், திறன், வலிமை என்னும் சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்தப்படுவதைக் காணலாம். தமிழ்வழி இயற்பியலில் வேலை செய்யும் தகுதி ஆற்றல் எனவும், அது ஒரு நொடிக்குச் செலவிடப்படும் வீதம் திறன் எனவும் பிரித்துக் கூறப்படுகின்றன. பரப்பியிலிருந்து ஒரு நொடியில் வெளியேறும் மின்காந்த ஆற்றல், வாட் என்னும் அலகால் அளக்கப்படுவதால், 'அலைபரப்புத் திறன்' என்பதே பொருத்தமான சொல்லாகும்.

கைப்பேசித் திரையின் கோடுகள் காட்டுவது இத்திறனை அன்று. கோபுரத்திலிருந்து வந்து சேரும் சைகை எவ்வளவு வலிமையாக ஏற்கப்படுகின்றது என்பதையே அவை தோராயமாகக் காட்டுகின்றன. இரைச்சலும் குறுக்கீடும் எவ்வளவு, அதே கோபுரத்தை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கின்றனர் என்பனவற்றை அவை உணர்த்துவதில்லை. முழுக் கோடுகள் இருந்தும் வேகம் இல்லாமைக்கான விடையின் பெரும்பகுதி இதில் அடங்கியுள்ளது.

ஷானன் வாய்பாடு

1948ஆம் ஆண்டு கிளாட் ஷானன் வெளியிட்ட தகவல் கோட்பாடு, ஒரு தடத்தில் பிழையின்றி அனுப்பத்தக்க தரவு வேகத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என நிறுவியது. அவ்வரம்பு பின்வருமாறு:

உச்ச வேகம் = பட்டை அகலம் × இரண்டின் அடிமான மடக்கை (1 + சைகைத் திறன் ÷ இரைச்சல் திறன்)

இவ்வாய்பாட்டில் பட்டை அகலம் மடக்கைக்கு வெளியே நிற்கின்றது. சைகைத் திறன் மடக்கைக்கு உள்ளே நிற்கின்றது. திறனுக்கும் வேகத்திற்கும் உள்ள உறவின் இயல்பு முழுவதும் இவ்வமைப்பில் அடங்கியுள்ளது. சைகை–இரைச்சல் விகிதம் 1, 3, 7, 15, 31 என ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்துகொண்டே செல்லும்போது, ஒரு ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் நொடிக்கு அனுப்பத்தக்க பிட்டுகள் 1, 2, 3, 4, 5 என ஒவ்வொன்றாகவே உயர்கின்றன. திறன் பெருக்கல் முறையில் வளர, வேகம் கூட்டல் முறையில் வளர்கின்றது.

விகிதம் மிகக் குறைவாக இருக்கும்போது நிலைமை வேறு. அப்போது மடக்கையின் வளைவு ஏறத்தாழ நேர்கோடாக அமைவதால், திறனை இரட்டித்தால் வேகமும் ஏறத்தாழ இரட்டிக்கும். முதல் நிலையைப் பட்டை அகலத்தால் வரம்புற்ற நிலை எனவும், இரண்டாம் நிலையைத் திறனால் வரம்புற்ற நிலை எனவும் கூறுவர். ஒரு பயனர் எந்த நிலையில் உள்ளார் என்பதை அறியாமல், திறனைக் கூட்டுவதால் பயன் உண்டா என்னும் வினாவிற்கு விடை கூற இயலாது.

நடைமுறையில் மற்றொரு வரம்பும் உண்டு. 4ஜி, 5ஜி முறைகளில் பண்பேற்றத்தின் ஒரு குறியீடு 2, 4, 6 அல்லது 8 பிட்டுகளைச் சுமக்கின்றது. சைகையின் தரம் உயர உயர, கருவி அடுத்த படிக்கு மாறுகின்றது. உச்சப் படியை எட்டிய பின்னர் எவ்வளவு திறன் கூட்டினாலும் வேகம் சிறிதும் கூடாது.

மயிலாப்பூர்: தொலைவும் தடையும்

கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலும் அவற்றை அடுத்த சந்துகளிலும் தடித்த செங்கற்சுவர்களைக் கொண்ட பழைய வீடுகள் இன்றும் உள்ளன. தெரு, கூடம், பின்கட்டு என உள்நோக்கி நீளும் அத்தகைய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் தெருவில் சைகை–இரைச்சல் விகிதம் 100 எனவும், ஒவ்வொரு சுவரும் சைகையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கின்றது எனவும் கொள்வோம். இரு சுவர்களைக் கடந்த கூடத்தில் விகிதம் 1 ஆகும். மூன்றாம் சுவரைக் கடந்த பின்கட்டில் 0.1 ஆகும். ஷானன் வாய்பாட்டின்படி உச்ச வேகம் தெருவில் நொடிக்கு 66.6 மெகாபிட், கூடத்தில் 10 மெகாபிட், பின்கட்டில் 1.38 மெகாபிட்.

இப்போது கோபுரத்தின் திறன் இரட்டிக்கப்படுகின்றது எனக் கொள்வோம். தெருவில் வேகம் 76.5 மெகாபிட்டாகின்றது, உயர்வு 15 விழுக்காடு மட்டுமே. கூடத்தில் 15.8 மெகாபிட்டாகின்றது, உயர்வு 58 விழுக்காடு. பின்கட்டில் 2.63 மெகாபிட்டாகின்றது, உயர்வு 91 விழுக்காடு. ஒரே திறன் உயர்வு, ஒரே வீட்டின் மூன்று இடங்களில் மூன்று வகையான பயனைத் தருகின்றது.

திறனுக்கு மாறாகப் பட்டை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தினால் முடிவு தலைகீழாகின்றது. மொத்தத் திறன் மாறாதிருக்க, பட்டை அகலம் இரட்டிக்கும்போது இரைச்சலும் இரட்டிக்கும். ஆகவே தெருவில் விகிதம் 50 ஆகக் குறைந்தாலும், வேகம் 113 மெகாபிட்டாக உயர்கின்றது. பின்கட்டிலோ 1.38 என்பது 1.41 ஆகின்றது, பயனரால் உணர முடியாத மாற்றம் இது. தெருவில் நிற்பவருக்கு அலைக்கற்றை வேண்டும். பின்கட்டில் இருப்பவருக்குத் திறன் வேண்டும்.

பின்கட்டில் இருப்பவருக்குத் திறனை வழங்க மற்றொரு வழி, தொலைவைக் குறைப்பதாகும். தோக்கியோவில் ஒக்குமுரா செய்த அளவீடுகளைக் கொண்டு 1980இல் ஹாத்தா வகுத்த வாய்பாடு நகரப் பகுதிகளுக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. அதன்படி, 30 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து செல்லும் சைகை, தொலைவின் ஏறத்தாழ 3.5ஆம் அடுக்கிற்கேற்பக் குறைகின்றது. தொலைவைப் பாதியாக்கினால், ஏற்கப்படும் திறன் சுமார் 11 மடங்கு உயரும். பின்கட்டின் வேகம் 1.38 மெகாபிட்டிலிருந்து ஏறத்தாழ 11 மெகாபிட்டாகும். கோபுரத்தின் திறனை 11 மடங்காக்காமலேயே கிடைக்கும் பயன் இது.

தியாகராய நகர்: குறுக்கீடும் பகிர்வும்

பனகல் பூங்கா, உசுமான் சாலை, ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் ஆகியவற்றை உள்ளடக்கிய தியாகராய நகரில் பிரச்சினை தொலைவன்று. நெரிசலான வணிகப் பகுதியில் கோபுரங்களும் கூரைமேல் அமைந்த ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று அருகில் அமைகின்றன. 4ஜி, 5ஜி வலையமைப்புகளில் அண்டைக் கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணை மீளப் பயன்படுத்துகின்றன. எனவே ஒரு கோபுரத்தின் சைகை, அடுத்த கோபுரத்தின் பயனருக்குக் குறுக்கீடாகின்றது. இங்கு வாய்பாட்டின் பின்னத்தில் இரைச்சலோடு குறுக்கீட்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு பயனருக்குச் சைகை 10 அலகு, குறுக்கீடு 1 அலகு, இரைச்சல் 0.01 அலகு எனக் கொள்வோம். விகிதம் 9.90. அனைத்துக் கோபுரங்களும் திறனை இரட்டித்தால் சைகை 20 ஆகும். குறுக்கீடும் 2 ஆகும். இரைச்சல் மட்டும் மாறாது. புதிய விகிதம் 9.95. வேகத்தில் உயர்வு கால் விழுக்காட்டிற்கும் குறைவு. ஒரு கூட்டத்தில் அனைவரும் குரலை உயர்த்தினால் எவர் பேச்சும் தெளிவாகக் கேட்பதில்லை என்பதே இதன் பொருள். ஒரு கோபுரம் மட்டும் திறனைக் கூட்டினால், அதன் பயனர் அடையும் ஆதாயம் அண்டைக் கோபுரத்தின் பயனருக்கு இழப்பாகின்றது.

இரண்டாவது காரணம் பகிர்வு. ஒரு கோபுரத்தின் ஒரு பிரிவு நொடிக்கு 60 மெகாபிட் தரவல்லது எனவும், அதனை ஒரே நேரத்தில் 100 பேர் பயன்படுத்துகின்றனர் எனவும் கொண்டால், ஒருவருக்குச் சராசரியாகக் கிடைப்பது 0.6 மெகாபிட். ஒவ்வொருவர் திரையிலும் கோடுகள் நிறைந்தே இருக்கும். திறனை இரட்டித்துப் பெறும் சிறு உயர்வு நூறு பங்காகப் பிரிந்து மறையும். பரப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, விளக்குக் கம்பங்களிலும் கட்டடங்களுக்கு உள்ளும் குறைந்த திறனுடைய சிறு நிலையங்களை அமைத்தலே இங்குப் பயன் தரும். ஒவ்வொரு நிலையமும் அதே அலைக்கற்றையைத் தன் எல்லைக்குள் முழுமையாக மீளப் பயன்படுத்துவதால், மொத்த வேகம் நிலையங்களின் எண்ணிக்கையை ஒட்டி உயரும். வேகத்தை உயர்த்தும் பொருட்டு ஒவ்வொரு நிலையத்தின் திறனும் குறைக்கப்படுகின்றது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

கைப்பேசியின் திறன் வரம்பு

இதுவரை கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வரும் கீழிணைப்பே பேசப்பட்டது. கைப்பேசியிலிருந்து கோபுரத்திற்குச் செல்லும் மேலிணைப்பில் நிலைமை கடுமையானது. 4ஜி கோபுரத்தின் ஒரு பிரிவு 40 வாட் அளவில் பரப்புவது இயல்பு. பொதுவகைக் கைப்பேசியின் உச்சத் திறனோ 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். இரண்டிற்கும் இடையே 200 மடங்கு வேறுபாடு உள்ளது.

மேற்கண்ட பின்கட்டுக் கணக்கை மேலிணைப்பிற்குப் பொருத்திப் பார்க்கலாம். கீழிணைப்பில் 0.1 ஆக இருந்த விகிதம், 200 மடங்கு குறைந்து 0.0005 ஆகின்றது. கைப்பேசி தன் திறன் முழுவதையும் 180 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒரு சிறு துண்டில் குவிக்கும்போது, அத்துண்டில் விகிதம் சுமார் 0.028 ஆக உயர்கின்றது. ஆயினும் கிடைக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோபிட் மட்டுமே. கோபுரத்தின் ஏற்பி கூடுதல் ஆன்டெனாக்களைக் கொண்டு இதனை ஓரளவு மேம்படுத்தினாலும், அடிப்படை வரம்பு மாறுவதில்லை. எதிர்முனையின் குரல் இங்குக் கேட்க, இங்குள்ளவரின் குரல் அங்குச் சென்று சேராமைக்கு இதுவே காரணம். கோபுரத்தின் திறனைக் கூட்டுவதால் இக்குறை நீங்காது. ஏனெனில் குறை கோபுரத்தில் இல்லை. மாறாக, தொலைவு பாதியானால் அதே கைப்பேசியின் மேலிணைப்பு வேகம் சுமார் 70 கிலோபிட்டாக, ஏறத்தாழ பத்து மடங்காக உயரும்.

5ஜி சேவையில் இவ்வரம்பு மேலும் வெளிப்படுகின்றது. 2022 அக்டோபரில் சென்னையில் அறிமுகமான 5ஜி சேவைக்குரிய முதன்மை அலைக்கற்றைகளுள் ஒன்று 3300 மெகாஹெர்ட்ஸிற்கு மேற்பட்டது. வெற்றுவெளியில், ஒத்த ஆன்டெனாக்களுக்கிடையே, 900 மெகாஹெர்ட்ஸை விட 3500 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 15 மடங்கு அதிகம். கோபுரம் பல ஆன்டெனாக்களைக் கொண்டு கற்றையைக் குவித்து இவ்விழப்பை ஈடுசெய்கின்றது. சிறிய கைப்பேசிக்கு அவ்வாய்ப்பு குறைவு.

அடையாறு: ஒரு தமிழகப் பங்களிப்பு

திறனால் வரம்புற்ற நிலையை எதிர்கொள்ளும் முயற்சிகளில், அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றது. 1990களில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி ஆகியோரின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா உள்ளூர் இணைப்பு முறை, குறைந்த திறனில் இயங்கும் டெக்ட் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. வீட்டின் கூரையில் திசைநோக்கு ஆன்டெனாவை நிலையத்தை நோக்கிப் பொருத்துவதன் வாயிலாக, அக்குறைந்த திறனிலேயே பல கிலோமீட்டர் தொலைவிற்குக் குரலும் 35 அல்லது 70 கிலோபிட் இணையத் தரவும் கொண்டுசெல்லப்பட்டன. திறனைக் கூட்டாமல், அதனைச் செலுத்தும் திசையைச் செம்மைப்படுத்திய முறை இது.

இரண்டாவது முயற்சி 5ஜி தரத்தோடு தொடர்புடையது. இந்தியக் கிராமங்களில் கோபுரங்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் இடைவெளி இருக்கலாம் என்னும் கருதுகோள், இந்தியாவின் முன்மொழிவால் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 5ஜி மதிப்பீட்டு நெறிகளில் இடம்பெற்றது. இவ்வளவு தொலைவில் கைப்பேசியின் மேலிணைப்பே முதலில் தளரும். கைப்பேசியின் திறன்பெருக்கி, சைகையின் திடீர் உச்சங்களைச் சிதைக்காமல் கடத்தும் பொருட்டுத் தன் முழுத் திறனுக்குக் கீழேயே இயக்கப்படுகின்றது. பை/2 பிபிஎஸ்கே என்னும் பண்பேற்றத்தில் அலை வடிவத்தைச் சீராக்கி உச்சங்களைக் குறைத்தால், அதே பெருக்கியைக் கொண்டு 23 டிபிஎம்மிற்கு மாறாக 26 டிபிஎம், அதாவது 0.4 வாட் வரை பரப்ப முடியும். சென்னை, ஐதராபாத் தொழில்நுட்பக் கழகங்களும் சென்னையில் உள்ள கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையமும் பங்கேற்று உருவாக்கிய இம்முறை, இந்தியத் தொலைத்தொடர்புத் தர மேம்பாட்டுச் சங்கத்தின் வாயிலாக முன்வைக்கப்பட்டு, 5ஜிஐ என்னும் பெயரில் 2020இல் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஏற்பைப் பெற்றது. பின்னர் அது உலகப் பொதுத் தரத்தோடு இணைக்கப்பட்டது.

இம்முறையில் ஒரு குறியீடு ஒரு பிட்டை மட்டுமே சுமக்கின்றது. கோபுரத்திற்கு அருகில் உள்ளவருக்கு இதனால் ஆதாயமில்லை. விகிதம் மிகக் குறைந்த விளிம்பில் இருப்பவருக்கோ, திறன் இரட்டித்தால் வேகமும் ஏறத்தாழ இரட்டிக்கும். மயிலாப்பூர்ப் பின்கட்டுக் கணக்கு காட்டிய உண்மையே இங்கு ஒரு தரநிலையாக வடிவம் பெற்றுள்ளது.

திறனும் உடல்நல அச்சமும்

இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை, பன்னாட்டு நெறி அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்கைக் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பாக்கியது. அதன்படி 900 மெகாஹெர்ட்ஸில் வரம்பு சதுர மீட்டருக்கு 0.45 வாட்; 1800 மெகாஹெர்ட்ஸில் 0.9 வாட். 40 வாட் திறனும் 50 மடங்கு திசைப்பெருக்கமும் உடைய ஆன்டெனாவின் முதன்மைக் கற்றையில், 100 மீட்டரில் திறனடர்த்தி சதுர மீட்டருக்குச் சுமார் 0.016 வாட், 900 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் இது முப்பதில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதி. 20 மீட்டரிலோ அது ஏறத்தாழ 0.40 வாட்டாகி வரம்பை நெருங்குகின்றது. எனவே, எதிர்வீட்டு மாடியை நேராக நோக்கும் ஆன்டெனா குறித்து வினா எழுப்புவது நியாயமே. அண்மையில் ஒரு கோபுரம் இருப்பதனாலேயே கேடு எனக் கருதுவதற்கு இக்கணக்கு இடம் தருவதில்லை.

வானொலி அலைகள் அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் அற்றவை. 'கதிர்வீச்சு' என்னும் ஒரே சொல் எக்ஸ்-கதிருக்கும் இவற்றிற்கும் வழங்குவது குழப்பத்திற்கு இடமளிக்கின்றது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இவ்வலைகளைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வாய்ப்புடையன என்னும் 2பி பிரிவில் வைத்தது. எச்சரிக்கை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வெச்சரிக்கை எத்திசையில் செல்ல வேண்டும் என்பதே வினா. கைப்பேசி, கோபுரத்தை எட்டத் தேவையான அளவிற்கே தன் திறனைத் தானே சரிசெய்துகொள்கின்றது. கோபுரம் தொலைவில் இருந்தால் அது தன் உச்சத் திறனை நோக்கிச் செல்லும். அதுவும் காதோடு ஒட்டிய நிலையில். கோபுரத் தொலைவு பாதியானால், அதே இணைப்பிற்குக் கைப்பேசிக்குத் தேவைப்படும் திறன் சுமார் 11இல் ஒரு பங்காகக் குறையும். ஒரு தெருவில் கோபுரத்தைத் தடுப்பது, அத்தெருவினர் ஒவ்வொருவர் கையிலும் உள்ள பரப்பியின் திறனை உயர்த்துவதாக முடியலாம்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. திறனுக்கும் வேகத்திற்கும் உள்ள உறவு மடக்கை சார்ந்தது. சைகை மிகக் குறைந்த இடத்தில் திறன் பயன் தரும். சைகை நிறைந்த இடத்தில் பட்டை அகலமே பயன் தரும்.

2. குறுக்கீடு மிகுந்த நெரிசல் பகுதியில் அனைத்துக் கோபுரங்களின் திறனையும் கூட்டுவது பயனற்றது. குறைந்த திறனுடைய பல சிறு நிலையங்களே அங்குத் தீர்வாகும்.

3. பல வேளைகளில் வரம்பாக அமைவது கோபுரத்தின் திறனன்று, 0.2 வாட் கைப்பேசியின் மேலிணைப்பே. இதனைத் தொலைவைக் குறைத்தும், அலை வடிவத்தைச் செம்மையாக்கியும் எதிர்கொள்ளலாம்.

4. அதிக வேகமும் குறைந்த கதிர்வீச்சும் முரண்பட்ட விருப்பங்கள் அல்ல. முறையாகத் திசையமைத்த, குறைந்த திறனுடைய, அருகருகே அமைந்த நிலையங்கள் இரண்டையும் ஒருங்கே தரவல்லன. முரண்படுவன அதிக வேகமும் தொலைவில் உள்ள கோபுரமுமே.

ஆகவே குடியிருப்போர் சங்கங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் எழுப்ப வேண்டிய வினா, கோபுரம் வேண்டுமா வேண்டாவா என்பதைக் காட்டிலும், அதன் ஆன்டெனா எவ்வுயரத்தில், எத்திசையில், எவ்வளவு திறனோடு அமையவுள்ளது என்பதாக இருத்தல் வேண்டும். அவ்வினாவைத் தெளிவாக எழுப்புவதற்குரிய சொற்களைத் தமிழில் நிலைபெறச் செய்வது இத்துறையில் எழுதும் ஆய்வாளர்களின் பொறுப்பாகும்.